செம்பு யார் கையில் இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் செம்புப் பாத்திரத்துத் தண்ணீரின் மகிமை பற்றி அரைப்பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். அதன் ஓரத்திலேயே ஒரு பெட்டிச் செய்தி: தாமிரச் சேர்மம் ஒன்று புற்றுநோய் செல்களைக் கொன்றது என்று. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததால் படித்தவர்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். கற்பனையாகச் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் எங்கள் தெரு மாவு மில்லில் ஒரு அம்மா, "செம்புத் தண்ணி குடிச்சா கேன்சரே வராதாம், பேப்பர்லயே போட்டிருக்காங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வரிசையில் நின்ற நாலு பேரும் தலையாட்டினார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் விஞ்ஞானி இல்லை. பெங்களூரில் ஒரு கல்லூரியின் வேதியியல் துறையில் 1982 முதல் 2016 வரை லேப் அசிஸ்டென்டாக இருந்தவள். ஆராய்ச்சி மாணவர்கள் வருவார்கள், போவார்கள். அவர்களில் பாதிப் பேராவது செய்தது தாமிரக் காம்ப்ளெக்ஸ்தான், அதாவது செம்பை வேறொரு மூலக்கூறு பிடித்துவைத்திருக்கும் சேர்மம். செம்பு உப்பு மலிவு, காற்றுப் பட்டுக் கெடாது, கலர் மாறுவது கண்ணுக்கே தெரியும். அவர்கள் தீசிஸ் எழுதிப் பட்டம் வாங்கிக்கொண்டு போனார்கள். பச்சையும் நீலமும் படிந்த பீக்கர்களைக் கழுவியது நான். கழுவுகிறவளுக்கும் கொஞ்சம் தெரியும்.

செம்பு எனக்கு அதற்கு முன்பே பழக்கம். அப்பா பின்னி மில் தொழிலாளி. வீடு அப்போதும் இப்போதும் ஸ்ரீராமபுரம். அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி. விரலில் குத்திப் பார்க்கும் மெஷின் எல்லாம் அப்போது வீட்டில் ஏது? சிறுநீரில் சர்க்கரை இருக்கிறதா என்று காட்டும் பெனடிக்ட் கரைசல்தான். ஐந்து மில்லி நீலக் கரைசல், எட்டுச் சொட்டு சிறுநீர், ஸ்பிரிட் விளக்கில் கொதிக்க வைக்க வேண்டும். பள்ளிக்கூடம் போகும் முன் அது என் வேலை. நீலம் மாறாமல் இருந்தால் அம்மா முகம் தெளிந்துவிடும். பச்சை என்றால் பரவாயில்லை. மஞ்சள் வந்தால் ராத்திரி சோறு கிடையாது, இரண்டு சப்பாத்திதான். செங்கல் நிறம் வந்தால் திட்டு. கல்யாண வீட்டுக்குப் போய்வந்த மறுநாள் அப்பாவுக்கு நிச்சயம் செங்கல்தான்.

அந்தக் கரைசலில் இருப்பது மயில்துத்தம் (காப்பர் சல்ஃபேட்), சலவைச் சோடா, அப்புறம் சோடியம் சிட்ரேட். மயில்துத்தத்தையும் சலவைச் சோடாவையும் மட்டும் கலந்தால் செம்பு வெளிறிய நீலச் சகதியாக அடியில் இறங்கிவிடும், சோதனைக்கு உதவாது. எலுமிச்சம்பழத்துச் சிட்ரிக் அமிலத்தின் உப்பான சிட்ரேட்தான் செம்பைப் பிடித்துக் கரைசலிலேயே நிறுத்தி வைக்கிறது. சர்க்கரை வந்து எலக்ட்ரானைக் கொடுத்ததும் செம்பு அந்தப் பிடியிலிருந்து நழுவிக் குப்ரஸ் ஆக்சைடாக, செங்கல் நிறத்தில் இறங்குகிறது. இது எனக்குப் புரிந்தது வேலைக்குச் சேர்ந்த பிறகு. அப்போது அப்பா இல்லை.

இப்படி உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் மூலக்கூறுக்குப் பாடநூலில் ஈனி என்று பெயர். எலக்ட்ரான் ஜோடியை ஈவதால் ஈனி. எங்கள் லேப்பில் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள், லிகண்ட்தான். ஒரே லிகண்ட் இரண்டு மூன்று இடத்தில் பிடித்தால் கொடுக்கிணைப்பு என்பார்கள், நண்டு கொடுக்கால் பிடிப்பதுபோல. நல்ல தமிழ்ச் சொல், யார் போட்டதோ! நண்டைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். நண்டு, இறால் ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமப்பது செம்புதான். ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலங்கள் அந்தச் செம்பைப் பிடித்துவைத்திருக்கின்றன. பிராணவாயு ஏறினால் ரத்தம் நீலமாகும்.

உங்கள் கட்டுரையில் விடுபட்டுப்போனது இந்தப் பிடிதான். செம்பு என்ன செய்யும் என்று கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியாது. அது யார் கையில் இருக்கிறது என்று தெரிந்தால் சொல்லலாம்.

எதிர்வீட்டுப் பையன் கதைக்கு வருகிறேன். பெல்லந்தூர் பக்கம் ஐடி வேலை. தீபாவளிக்கு ஆபீசில் செம்புப் பாட்டில் கொடுத்திருக்கிறார்கள். நல்ல கனமான பாட்டில். ஒரு மாதம் வெறும் தண்ணீர் ஊற்றிக் குடித்தான், ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் ஏதோ வீடியோவைப் பார்த்துவிட்டு, ராத்திரியே எலுமிச்சம்பழம் பிழிந்து, புதினா போட்டு, மூடி வைத்து, காலையில் பஸ்ஸில் போகும்போது குடித்திருக்கிறான். மூன்றாம் நாள் பாதி வழியிலேயே இறங்கி வாந்தி. வாயெல்லாம் காசை நக்கியதுபோல இருக்கிறது என்றானாம். டாக்டரிடம் போய் ஊசி போட்டுக்கொண்டு, சாயங்காலம் துவண்டுபோய் வந்தான். அவன் அம்மா என்னைக் கூப்பிட்டார்.

"உள்ளே என்னடா ஊத்துன?" என்றேன்.

"லெமன் வாட்டர்தான் ஆன்ட்டி. உடம்புக்கு நல்லது."

பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தேன். ஒரு மாதம் தண்ணீர் இருந்த செம்பு உள்ளே பழுப்பேறி இருக்க வேண்டும். இது கடையில் வாங்கிய அன்று இருந்த மாதிரி பளபளவென்று இருந்தது.

"புதுசு மாதிரி இருக்குல்ல ஆன்ட்டி?"

"புதுசா இருக்குறதுதான்டா தப்பு. அந்தப் பழுப்பு எங்க போச்சுன்னு நினைக்கற?"

அவன் தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

உள்சுவரில் படிந்திருந்த ஆக்சைடைச் சிட்ரிக் அமிலம் கரைத்து, பெனடிக்ட் கரைசலில் பிடித்ததைப்போலவே செம்பைப் பிடித்து நீரில் வைத்துக்கொண்டது. ராத்திரி முழுக்க அதற்கு நேரம் இருந்தது. புளி போட்டுச் செம்புக் குடம் தேய்ப்பதும் இதே வேலைதான். புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம். ஹெர்மன் ஃபெலிங் என்ற ஜெர்மானியர் 1849இல் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்கக் கரைசல் செய்தபோது செம்பைப் பிடித்துவைக்க எடுத்துக்கொண்டதும் அந்த அமிலத்தின் உப்பான டார்ட்ரேட்தான். நம் பாட்டிகளுக்கு ஃபெலிங் தெரியாது, ஆனால் புளி போட்டுத் தேய்த்த தண்ணீரை யாரும் குடிக்கக்கூடாது என்று தெரியும். செம்புக் குடத்தில் தண்ணீர் வைத்தார்களே தவிர மோரோ ரசமோ வைத்ததில்லை. சைவ சித்தாந்தத்தில் ஆணவ மலம் என்ற உயிரின் அழுக்குக்குச் செம்பில் ஏறும் பச்சைக் களிம்பு என்று உவமை சொல்வார்கள். பாட்டிக்குக் களிம்பு உவமை கிடையாது, கையோடு தேய்த்துக் கொட்ட வேண்டிய சமாச்சாரம்.

வெறும் தண்ணீரைப் பற்றிக் கட்டுரையில் சொன்னதை நான் மறுக்கவில்லை. சொல்லப்போனால் அதற்கு நல்ல ஆதாரம் இந்த ஊரிலேயே இருக்கிறது. நாட்டு மருத்துவ மரபுகளை ஆராயும் பெங்களூர் எஃப்.ஆர்.எல்.எச்.டி. நிறுவனத்துக்காரர்களும் இன்னும் சிலரும் சேர்ந்து 2012இல் வெளியிட்ட ஆய்வு. வயிற்றுப்போக்கு, காலரா, சீதபேதி, டைஃபாய்டு வகைக் கிருமிகளைத் தண்ணீரில் கலந்து செம்புப் பானையில் 16 மணி நேரம் வைத்திருந்தார்கள். பிறகு வளர்த்துப் பார்த்தால் ஒன்றும் முளைக்கவில்லை. அந்தத் தண்ணீரில் கரைந்திருந்த செம்பு லிட்டருக்குச் சுமார் 0.177 மில்லிகிராம். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்திருக்கும் வரம்பு 2 மில்லிகிராம், அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. சரி, குடிக்கலாம். ஆனால் செத்தது கிருமி. அதுவும் பானைக்குள். குடித்தவர் உடம்புக்குள் போய் அந்தச் செம்பு புற்றுநோயைத் துரத்தியதாக அவர்கள் எழுதவில்லை. ஒரு நாளைக்கு நமக்கு வேண்டியது ஒன்றிரண்டு மில்லிகிராம் செம்பு. எள்ளிலும் முந்திரியிலும் பருப்பிலும் அது வந்துவிடும்.

பால் விஷயம் இதைவிடக் கொடுமை. ஒரு காலத்தில் இந்தியக் குழந்தைகளுக்கு அதிகம் வந்த ஈரல் சுருக்கம் என்று ஒரு நோய் இருந்தது. ஒன்றிரண்டு வயதுப் பிள்ளைகள் அதில் செத்தன. 1980களில் புனேயில் ஆராய்ந்தவர்கள், ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரத்தில் காய்ச்சி ஆறவைத்த பால்தான் காரணமாக இருக்கலாம் என்றார்கள். பாலில் இருக்கும் கேசீன் என்ற புரதம் செம்பை இறுக்கிப் பிடிக்கிறது. பச்சைப் பிள்ளையின் ஈரலுக்கு அந்தச் செம்பைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. பித்தளை போய் எவர்சில்வர் வந்த பிறகு அந்த நோயும் அரிதாகிவிட்டது. எங்கள் தெருவுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஈயம் பூசுகிறவர் வருவார். துருத்தி போட்டு, பாத்திரத்தைக் காயவைத்து, நவச்சாரத்தை விசிறினால் வெள்ளைப் புகை கிளம்பும், நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வேடிக்கை பார்ப்போம். காரீயம் இல்லை அது, வெள்ளீயம். அந்தப் புகைக்குப் பின்னால் இருந்த காரணம் எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. இன்று சிக்பேட்டையில் செம்புப் பாத்திரம் மறுபடி ஃபேஷனாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். வாங்குகிறவர்களில் எத்தனை பேர் உள்ளே பூச்சு இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்க்கிறார்கள்?

செம்பு நல்லது என்றால் அதிகம் இன்னும் நல்லது என்பது பலருடைய கணக்கு. வில்சன் நோய் என்று ஒன்று உண்டு, 1912இல் கின்னியர் வில்சன் விவரித்தது. பிறவிக் கோளாறு. உடம்பு செம்பை வெளியே தள்ள முடியாமல் ஈரலிலும் மூளையிலும் சேர்த்துக்கொள்ளும். கருவிழி ஓரத்தில் பழுப்பும் பச்சையுமாக ஒரு வளையம் தெரியும். நம் ஊர் நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனையில் இந்த நோயாளிகளைப் பல காலமாகப் பார்க்கிறார்கள். இதற்கு முதலில் கிடைத்த நல்ல மாத்திரை பெனிசிலமைன். பென்சிலின் எடுத்துக்கொண்ட நோயாளியின் சிறுநீரில் அந்தப் பொருளைப் பார்த்திருந்த ஜான் வால்ஷ் என்ற ஆங்கிலேய டாக்டர், இதன் கந்தகமும் நைட்ரஜனும் செம்பைக் கொடுக்குபோலப் பிடிக்கும் என்று யோசித்து, முதலில் தானே விழுங்கிப் பார்த்துவிட்டு, 1956இல் எழுதினார். பிடித்த செம்பு சிறுநீரில் போய்விடுகிறது. இதற்கு நேர் எதிர், மெங்கெஸ் நோய். அதில் பிள்ளைகளுக்குச் செம்பு குடலைத் தாண்டி உள்ளே போவதே இல்லை. அவர்களுக்குச் செம்பு உப்பைக் கரைத்துக் கொடுத்துப் பயனில்லை. ஹிஸ்டிடினோடு கட்டிய செம்பைத் தோலுக்கு அடியில் ஊசியாகப் போடுகிறார்கள். மனித ரத்தத்திலேயே செம்பு ஹிஸ்டிடினோடு சேர்ந்து இருக்கிறது என்று 1960களில் காட்டியவர் டொராண்டோவில் பணியாற்றிய பிபுதேந்திர சர்க்கார். ஒரே உலோகம்தான், ஒரு லிகண்ட் வெளியே கொண்டுபோகிறது, இன்னொன்று உள்ளே கொண்டுவருகிறது.

இனி அந்தப் பெட்டிச் செய்தி. இது என் பேட்டை, கொஞ்சம் நீட்டிப் பேச அனுமதியுங்கள்.

அந்த மாதிரிச் சேர்மம் எப்படிப் பிறக்கிறது என்று சொல்கிறேன். சாலிசிலால்டிஹைடு என்று ஒரு திரவம், வாதுமை மாதிரி வாசம் அடிக்கும். அதோடு நைட்ரஜன் உள்ள ஏதாவது ஒரு அமீன். ஆல்கஹாலில் போட்டு ரிஃப்ளக்ஸ் செய்தால், அதாவது ஆவி திரும்பிச் சொட்டும்படி கொதிக்க வைத்தால், மஞ்சள் நிறத்தில் ஷிஃப் பேஸ் என்ற லிகண்ட் கிடைக்கும். 1864இல் ஹியூகோ ஷிஃப் செய்தது, இன்றும் அதே சமையல்தான். அதில் காப்பர் அசிடேட்டை ஊற்றினால் கண்ணெதிரே மஞ்சள் போய்க் கரும்பச்சை வரும். வடிகட்டி, ஈதரில் அலசி, டெசிகேட்டரில் உலரவைத்தால் மாணவரின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். மறுவாரம் அதைப் பக்கத்து மைக்ரோபயாலஜி துறைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அகார் தட்டில் பாக்டீரியாவைப் பரப்பி, குழி போட்டு, சேர்மத்தை விட்டு, மறுநாள் சுற்றிலும் எத்தனை மில்லிமீட்டர் பாக்டீரியா வளராமல் வெளுத்திருக்கிறது என்று ஸ்கேல் வைத்து அளப்பார்கள். லிகண்ட் தனியாக விட்டால் சின்ன வட்டம், செம்போடு சேர்ந்தால் பெரிய வட்டம். உடனே ட்வீடியின் கொள்கையை எழுதிவிடுவார்கள்: உலோகத்தின் மின்சுமையை லிகண்ட் பங்கு போட்டுக்கொள்வதால் சேர்மம் கொழுப்பில் கரையும் குணம் பெற்று, பாக்டீரியாவின் கொழுப்புச் சவ்வைத் தாண்டி உள்ளே போகிறது. நான் பார்த்த தீசிஸ்களில் இந்தப் பத்தி இல்லாதது அபூர்வம்.

நான் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: "வெறும் காப்பர் குளோரைடைப் பக்கத்துக் குழியில வெச்சியாப்பா?" பாதிப் பேர் வைத்திருக்கமாட்டார்கள். கரைப்பதற்கு டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானை ஊற்றியிருப்பார்கள். அதுவே செம்பைப் பிடிக்கக்கூடிய சரக்கு. குழிக்குள் போனபோது அந்த அழகான காம்ப்ளெக்ஸ் முழுசாக இருந்ததா, பிரிந்துபோய்ச் செம்பு மட்டும் கொன்றதா? வட்டம் பெரிதானதற்கு அதிகம் கொன்றது காரணமா, அகாரில் வேகமாகப் பரவியது காரணமா? லேப் அசிஸ்டென்ட் கேட்டால் கேள்வி பெரிதாகத் தெரியாது. வெளியிலிருந்து பரீட்சைக்கு வந்த பேராசிரியர் இதையே கேட்டபோது ஒருவர் வியர்த்து நின்றது எனக்கு ஞாபகம் இருக்கிறது. எனக்கு அதில் சந்தோஷம் இல்லை என்று பொய் சொல்லமாட்டேன்.

அதற்காக அந்த ஆராய்ச்சி வீண் என்று சொல்ல வரவில்லை. 1979இல் அமெரிக்காவில் டேவிட் சிக்மன் குழுவினர், பினாந்த்ரோலின் என்ற தட்டையான மூலக்கூறு ஒரு என்சைமை எப்படித் தடுக்கிறது என்று பார்க்கப் போனார்கள். பார்த்தால் அது செம்போடு சேர்ந்து டிஎன்ஏவையே துண்டு போடுகிறது. செம்பு ஒரு எலக்ட்ரானை வாங்கும், பிராணவாயுவுக்குக் கொடுக்கும், மறுபடி வாங்கும். அந்தச் சுழற்சியில் பிறக்கிற பொல்லாத மூலக்கூறுகள் டிஎன்ஏவை அறுக்கின்றன. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பழனியாண்டவர் இந்த வகைச் சேர்மங்களில் நிறைய வேலை செய்திருக்கிறார். இங்கே டாடா இன்ஸ்டிட்யூட்டில், அதாவது இந்திய அறிவியல் கழகத்தில், அகில் சக்ரவர்த்தி குழுவினர் ஒளி பட்டால் மட்டும் டிஎன்ஏவை வெட்டும் தாமிரச் சேர்மங்களைச் செய்தார்கள். இருட்டில் சும்மா கிடக்கும், சிவப்பு ஒளி பாய்ச்சிய இடத்தில் மட்டும் வேலை செய்யும். எல்லா இடத்திலும் வெட்டுகிற கத்தியை யார் உடம்புக்குள் விடுவார்கள்? அதனால் இந்த யோசனை எனக்குப் பிடிக்கும்.

ஆனால் கண்ணாடித் தட்டில் செல்லைக் கொன்றது மருந்துக் கடைக்கு வர ஏன் இவ்வளவு தாமதம்? பிளாட்டினத்தில் செய்த சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து 1978லேயே அமெரிக்காவில் அனுமதி வாங்கிவிட்டது. பிளாட்டினம் பிடித்த லிகண்டைச் சீக்கிரம் விடாது. செம்பு அப்படி இல்லை. இறுக்கமாகத்தான் பிடிக்கும், ஆனால் கண் மூடித் திறப்பதற்குள் ஆள் மாறிவிடும். செம்பைப் பிடிக்க ரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் காத்திருக்கிறது, செல்லுக்குள் குளூட்டாதயோன் என்ற சிறு மூலக்கூறு காத்திருக்கிறது. மாணவர் ஆறு மாதம் உட்கார்ந்து கட்டிய காம்ப்ளெக்ஸ் அங்கே போய்ச் சேருவதற்குள் செம்பு வேறு கைக்குப் போய்விடும். மெக்சிகோவில் லேனா ருய்ஸ் அசுவாரா குழுவினர் உருவாக்கிய காசியோபீனா என்ற தாமிரச் சேர்மங்கள் மனிதர்களிடம் முதற்கட்டச் சோதனை வரைக்கும் வந்தன. அமெரிக்காவில் 2020இல் அனுமதி பெற்ற ஒன்று உண்டு, கதிரியக்கச் செம்பு-64ஐ கூண்டு மாதிரி ஒரு லிகண்டுக்குள் பூட்டியது. அது கட்டியைக் கொல்ல வந்ததில்லை, ஸ்கேனில் கட்டி எங்கே இருக்கிறது என்று காட்ட வந்தது. 12.7 மணி நேரத்தில் அதன் கதிர் பாதியாகிவிடும்.

ஆகவே ஆசிரியரிடம் என் வேண்டுகோள் சின்னது. அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வந்தால் இரண்டே விவரம் சேர்த்துப் போடுங்கள்: செம்பு எதோடு சேர்ந்திருந்தது, சோதித்தது தட்டிலா எலியிலா மனிதரிலா. இரண்டு வரிக்கு மேல் ஆகாது. விளம்பரத்துக்கு விடுகிற இடத்தில் அது அடங்கிவிடும்.

இன்னொன்று, கேட்டால் சிரிப்பீர்கள். அந்தப் பெட்டிச் செய்திக்கு நீல நிறத்தில் பின்னணி போட்டிருந்தீர்கள் அல்லவா? கலர் அச்சில் அந்த நீல மைக்கு நிறம் தருவது காப்பர் தாலோசயனைன். நாலு நைட்ரஜன் நடுவே ஒரு செம்பு அணு, அதுவும் ஒரு தாமிரக் காம்ப்ளெக்ஸ்தான். தண்ணீரில் கரையாது, லேசில் வெளுக்காது, அந்தப் பிடியிலிருந்து செம்பை வெளியே எடுப்பது கஷ்டம். அதில் பஜ்ஜி வைத்துச் சாப்பிடலாம் என்று இதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டாம், மையில் வேறு சாமான்களும் இருக்கும்.

எதிர்வீட்டுப் பையன் இப்போது எலுமிச்சம்பழத்தைக் கண்ணாடிப் பாட்டிலில் கொண்டுபோகிறான். செம்புப் பாட்டிலில் பச்சைத் தண்ணீர் மட்டும். உள்ளே மறுபடி பழுப்பேற ஆரம்பித்திருக்கிறது என்று கொண்டுவந்து காட்டினான், பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது.

கடிதம் நீண்டுவிட்டது. இடம் இல்லையென்றால் ஷிஃப் பேஸையும் ட்வீடியையும் வெட்டிவிடுங்கள், வருத்தப்படமாட்டேன். எலுமிச்சம்பழத்தையும் பாலையும் மட்டும் வெட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேப் அசிஸ்டென்ட், உங்கள் நெடுநாள் வாசகி,
ஸ்ரீராமபுரம், பெங்களூரு.